தாத்தா வீட்டு பீரோவில் பழைய ஃபிலிம் கேமரா இருக்கா? ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. திண்டிவனத்தில் இறங்கி, மரக்காணம் சாலையில் பெருமுக்கல் போற பஸ்ஸைப் பிடிச்சு, தாத்தா வீட்டுக்கு வந்து சேர்றீங்க. மத்தியானத் தூக்கம் வராத நேரத்தில் பீரோ மேல்தட்டைக் கிளறினால், பட்டுப்புடவைக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவில் ரெக்ஸின் உறை போட்ட ஒரு சின்ன கேமரா. "அது எப்பவோ ரிப்பேர்டா, தூக்கிப் போடு" என்பார் பாட்டி.

தூக்கிப் போடாதீங்க. உடனே ஸ்க்ரூ டிரைவரையும் எடுக்காதீங்க.

1980, 90-களில் நம்ம வீடுகளில் புழங்கிய யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர், கோடக் கே.பி-10, ஹாட் ஷாட் மாதிரியான கையடக்க கேமராக்கள் ரொம்பச் சிக்கலான மெஷின்கள் இல்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் நிறைய கேமராக்களை வீட்டிலேயே திறந்து, துடைச்சு, மறுபடி உயிர் கொடுக்க முடியும். ஃபிலிம் மோகமும் திரும்ப வந்திருக்கு. 2024-ல் ரிக்கோ நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்று புத்தம் புதுசா ஒரு ஃபிலிம் கேமராவையே இறக்கியது.

ஆனால், கேமராவைக் கழற்றுவதில் வரிசை ரொம்ப முக்கியம். அதை மாற்றினால் ரெண்டு விஷயம் போகலாம். ஒண்ணு, உள்ளே இருபது வருஷமாக் காத்திருக்கும் உங்க குடும்பத்துப் படம். இன்னொண்ணு, உங்க விரல். அதனால் மூணு கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் முதல் ஸ்க்ரூ.

கேள்வி 1: உள்ளே ஃபிலிம் இருக்கா?

பழைய கேமரா கையில் கிடைச்சதும் எல்லோரும் செய்ற முதல் வேலை, பின்மூடியை 'டப்'புனு திறந்து பார்க்கிறது. அதைத்தான் செய்யக் கூடாது.

அந்தக் காலத்தில் 36 படம் எடுக்கிற ஒரு ரோலை ஒரே நாளில் யாரும் முடிச்சதில்லை. பொங்கலுக்கு நாலு, காதுகுத்துக்கு பத்து, திருப்பதி டூருக்கு பன்னிரண்டு என்று மிச்சம் பிடிச்சு எடுப்பாங்க. நடுவில் கேமரா மக்கர் பண்ணினால் ரோல் அப்படியே உள்ளே தங்கிடும். கழுவாத அந்த ரோலில் இன்னைக்கு உயிரோடு இல்லாத ஒருத்தரின் படம் இருக்கலாம். வேறு எங்கேயும் காப்பி இல்லாத படம்!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேமராவின் இடது பக்கத்தில், மேலேயோ கீழேயோ ஒரு குட்டி மடக்குக் கைப்பிடி இருக்கும். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் பிடி அது. அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவா, கொஞ்சமே கொஞ்சம் திருப்புங்க. இறுக்கமா வந்து நின்றால் உள்ளே ஃபிலிம் இருக்கு. லூஸா சுத்திக்கிட்டே இருந்தால் காலியா இருக்கலாம். ஏற்கெனவே முழுசா சுற்றி, எடுக்க மறந்த ரோலாகவும் இருக்கலாம். சந்தேகம்னா, ராத்திரி ஜன்னல் இல்லாத அறையில், எல்லா லைட்டையும் அணைச்சுட்டுத் திறந்து விரலால் தடவிப் பாருங்க. போன் ஸ்கிரீன் வெளிச்சம்கூட ஆகாது.

ஃபிலிம் இருந்தால், கேமராவின் அடியில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திக்கிட்டே அந்தப் பிடியைச் சுற்றுங்க. இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும் வரை சுற்றினால் ஃபிலிம் மொத்தமும் டப்பாவுக்குள் போயிடும். பாதியில் சிக்கினால் பலம் காட்டாதீங்க, கிழிஞ்சுடும். கேமராவோடு அப்படியே ஃபிலிம் கழுவும் லேபுக்குக் கொண்டு போங்க.

யாராவது ஏற்கெனவே மூடியைத் திறந்துட்டாங்களா? உடனே மூடிடுங்க. கையால் சுற்றும் கேமராக்களில் எடுத்த படங்கள் எதிர்ப்பக்க உருளையில் அடுக்கடுக்கா சுற்றியிருக்கும். வெளியடுக்கில் இருக்கும் படங்கள் போனாலும் உள்ளடுக்குப் படங்கள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

லேபில் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. கலர் நெகட்டிவ் ஃபிலிமை 'சி-41' என்ற முறையில், சுமார் 38 டிகிரி சூட்டில் கழுவுவாங்க. ஆனால் சாதாரண கறுப்பு-வெள்ளை ஃபிலிமை அதே கரைசலில் போட்டால், படத்தைத் தாங்கி நிற்கும் வெள்ளியே கரைந்து, ரோல் வெறும் பிளாஸ்டிக் பட்டையா வெளியே வரும். நம்ம ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிராண்ட் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்கள் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் புழங்கின. பழைய வீட்டில் அப்படி ஒரு ரோல் சிக்கினால் ஆச்சர்யமில்லை. "இது பழைய ஃபிலிம், இந்த ரகம், இத்தனை வருஷம் இருக்கும்" என்று வாய் திறந்து சொல்லுங்க.

கேள்வி 2: நிஜமாவே ரிப்பேரா?

"பட்டனை அமுக்கினா ஒண்ணும் ஆகலை" என்பதால் ரிப்பேர்னு முடிவு கட்டின கேமராக்களில் கணிசமானவை நல்லாத்தான் இருக்கும்.

பல பிளாஸ்டிக் கேமராக்களில் ஷட்டரைத் தயார் பண்றதே ஃபிலிம்தான். ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் ஓட்டைகள் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் ஷட்டர் ஸ்பிரிங் இழுபடும். ஃபிலிம் இல்லாமல் எவ்வளவு சுற்றினாலும் பட்டன் 'கம்'முனு கிடக்கும். உள்ளே ஃபிலிம் இல்லைன்னு உறுதியான பிறகு, பின்மூடியைத் திறந்து, அந்தப் பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்க. ஒரு இடத்தில் நிற்கும். இப்போ பட்டனை அமுக்குங்க. 'டிக்'! பாட்டி ரிப்பேர்னு சொன்ன கேமரா பேசிடுச்சு.

1967 முதல் 1984 வரை தயாரான, உலகம் முழுக்கப் பிரபலமான ஒலிம்பஸ் ட்ரிப்-35 கேமராவில் இன்னொரு கதை. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி தெரிவது செலினியம் செல். வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கும், பேட்டரியே கிடையாது. வெளிச்சம் பத்தலைன்னா வியூஃபைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டரைப் பூட்டிடும். இருட்டு அறையில் சோதிச்சுட்டு 'செத்துப்போச்சு'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. வாசலுக்கு வந்து வெயிலில் அமுக்கிப் பாருங்க.

அடுத்து பேட்டரி அறை. செல்லை எடுக்காமல் விட்டிருந்தால் வெள்ளையாவோ பச்சையாவோ பூத்துப் போயிருக்கும். பாதி கேமராக்களின் வியாதி இதோடு முடிஞ்சுடும். அல்கலைன் செல் கசிந்திருந்தால் அது காரம். காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைச்சால் போயிடும். பழைய சாதா செல் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதுக்கு ஆப்ப சோடா கரைச்ச தண்ணி. எதுவா இருந்தாலும் கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைச்சுக் காய விடுங்க. செல் தொடும் தகடு மங்கலா இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ச்சாலே பளிச்!

இவ்வளவுக்கும் மசியலைன்னால்தான் அடுத்த கேள்விக்குப் போகணும்.

கேள்வி 3: ஃபிளாஷ் இருக்கா?

ஃபிளாஷ் உள்ள கேமராவில் ரெண்டே ரெண்டு பென்சில் பேட்டரி, மொத்தம் 3 வோல்ட்தானே போடுறோம், என்ன ஆகிடப்போகுதுன்னு தோணும். ஃபிளாஷை ஆன் பண்ணும்போது 'ஙொய்ய்ய்'னு ஒரு மெல்லிய சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் குட்டி சர்க்யூட் அந்த 3 வோல்ட்டைச் சுமார் 300 வோல்ட்டாக உயர்த்தி, சுண்டுவிரல் அளவு கெபாசிட்டரில் சேமிச்சுக்கிட்டு இருக்கு. உங்க வீட்டு பிளக் பாயின்ட்டில் வருவதே 230 வோல்ட்தான்!

120 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 300 வோல்ட்டில் நிறைஞ்சிருந்தால், அதில் 5.4 ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ அரிசியை அரை மீட்டருக்கு மேல் தூக்குற ஆற்றல். அது கண் இமைக்கும் நேரத்துக்குள் விரல் வழியே பாய்ந்தால் தூக்கிவாரிப் போடும், தோலைச் சுட்டுடும். இதயப் பிரச்னை உள்ளவர்களுக்கு, பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு இது விளையாட்டே இல்லை.

இருபது வருஷம் பேட்டரியே இல்லாமல் கிடந்த கேமராவில் சார்ஜ் பெரும்பாலும் வடிஞ்சிருக்கும். அப்போ ஆபத்து எப்போ? 'வேலை செய்யுதான்னு பார்ப்போம்' என்று நீங்க புது செல் போட்டு, ஃபிளாஷை ஆன் பண்ணிப் பார்த்துட்டு, அதுக்கு அப்புறம் கழற்றும்போதுதான். 'ஒரு தடவை ஃபிளாஷ் அடிச்சுட்டேன், காலியாகியிருக்கும்' என்பதும் தப்புக்கணக்கு. அடிச்ச பிறகும் மிச்சம் இருக்கும். செல் உள்ளே இருந்தால் உடனே மறுபடி ஏற ஆரம்பிச்சுடும்.

பாதுகாப்பான வழி இது:

* பேட்டரியை எடுத்துடுங்க. கேமரா உறையைக் கழற்றும்போது ரப்பர் கையுறை போட்டுக்கோங்க. கெபாசிட்டர் கண்ணில் படும் வரை சர்க்யூட் போர்டு எதையும் தொடாதீங்க.
* 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்குங்க. நன்றாக இன்சுலேஷன் உள்ள வயர், கிளிப்போடு சேர்த்து, கெபாசிட்டரின் ரெண்டு காலுக்கும் நடுவில் பத்து விநாடி பிடிங்க.
* மல்டிமீட்டரை டி.சி. 600 வோல்ட் அல்லது அதுக்கு மேலான அளவில் வெச்சு அளந்து பாருங்க. 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் அடுத்த வேலை. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை அளந்துக்கோங்க.

'ஸ்க்ரூ டிரைவர் முனையை வெச்சு ஷார்ட் பண்ணிடலாம்' என்று வீடியோக்களில் காட்டுவாங்க. பட்டாசு மாதிரி பொறி பறக்கும், போர்டும் போகும். வேண்டாம். மல்டிமீட்டர் இல்லை, அதைப் பிடிச்சுப் பழக்கமும் இல்லைன்னால், டி.வி, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணன் யாரிடமாவது இந்த ஒரு வேலையை மட்டும் செஞ்சு வாங்கிக்கோங்க. முதல்முறை கழற்றிப் பழக ஆசைன்னால், ஃபிளாஷே இல்லாத அக்ஃபா கிளிக்-3 மாதிரியான கேமராதான் பெஸ்ட்.

என்னென்ன தேவை?

ஜப்பான் கேமராக்களின் நட்சத்திர ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 'ஜே.ஐ.எஸ்' என்ற ஜப்பானிய அளவில் இருக்கும். நம்ம கடையில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் பார்க்க அதே மாதிரிதான். ஆனால் அழுத்தித் திருகும்போது வழுக்கி, தலையை மழுங்கடிச்சுடும். மழுங்கின ஸ்க்ரூவோடு ரிப்பேர் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அதனால் ஜே.ஐ.எஸ் முனை உள்ள சின்ன செட் ஒண்ணு வாங்குங்க. டிரைவரை நேராப் பிடிச்சு, முக்கால்வாசி பலத்தை அழுத்தவும், கால்வாசி பலத்தைத் திருகவும் செலவழிங்க.

கூடவே முனை மழுங்கின இடுக்கி, காற்று ஊதும் ரப்பர் பல்பு, பஞ்சுக்குச்சி, பழைய சிம் கார்டு அட்டை. கடைசியா, ஒரு பல்லாங்குழி! சிரிக்காதீங்க. முதலில் கழற்றின ஸ்க்ரூ முதல் குழியில், அடுத்தது ரெண்டாவது குழியில் என்று 14 குழியிலும் வரிசையாப் போட்டால், மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கிட்டே வரலாம். ஒரே மாதிரி தெரியும் ஸ்க்ரூக்களில் ஒண்ணு அரை மில்லிமீட்டர் நீளமா இருக்கும். அதைத் தப்பான ஓட்டையில் முறுக்கினால் உள்ளே எதையாவது குத்திடும்.

கழற்றுற வரிசை

ஒரு பெரிய தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரிச்சு, அதுக்குள் வேலை செய்யுங்க. தெறிச்ச ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியில் போகாது. ஃபேனை நிறுத்திடுங்க.

ஒவ்வொரு படிக்கும் முன்னாடி போனில் ஒரு போட்டோ. இது ரொம்ப முக்கியம். எந்த வயர் எந்தக் கலர், எந்த ஸ்பிரிங்கின் எந்தக் கால் எங்கே மாட்டியிருந்தது என்று மூளை ஞாபகம் வெச்சுக்காது.

ஸ்க்ரூக்கள் அடிப்பாகத்திலும் பக்கவாட்டிலும் இருக்கும். பேட்டரி அறைக்குள், பின்மூடியைத் திறந்தால் தெரியும் ஓரங்களில், ஃபிலிம் சுற்றும் பிடிக்கு அடியில் என்று ஒளிஞ்சும் இருக்கும். எல்லாத்தையும் எடுத்த பிறகும் உறை வரலைன்னால் ஒண்ணு மறைஞ்சிருக்கு, அல்லது உள்ளே பிளாஸ்டிக் கொக்கி பிடிச்சிருக்கு. சிம் கார்டு அட்டையை இடுக்கில் நுழைச்சு மெதுவா நகர்த்துங்க. கத்தி, இரும்பு வேண்டாம். 30 வருஷ பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி உடையும்.

உறையை ஒரே இழுப்பில் தூக்காதீங்க. ஒரு விரற்கடை தூக்கி, உள்ளே எட்டிப் பாருங்க. ஃபிளாஷுக்குப் போகும் வயர் உறையோடு சேர்ந்திருக்கலாம். ஷட்டர் பட்டனும் அதன் ஸ்பிரிங்கும் தனியாக் கழன்று விழலாம். கெபாசிட்டரைக் கண்டதும், மேலே சொன்ன டிஸ்சார்ஜ் வேலைதான் முதலில்.

உள்ளே போய் என்ன செய்றது?

பெரும்பாலும் துடைக்கிறதுதான். வியூஃபைண்டர் கண்ணாடியின் உள்பக்கத் தூசு, பட்டன் அடியில் சேர்ந்த பிசுக்கு, பச்சை பூத்த தகடு. விட்டுப்போன வயரைப் பற்றவைக்கலாம்.

பின்மூடி ஓரத்தில் கறுப்பு ஸ்பான்ஜ் இருந்த இடம், தார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுக்கும் ஸ்பான்ஜ் அது. காற்றின் ஈரம் பட்டுப்பட்டே இப்படிக் கரையும். பல்குச்சியாலும் ஆல்கஹாலாலும் முழுசாச் சுரண்டி எடுத்துட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒட்டும் கறுப்பு ஸ்பான்ஜை வெட்டி ஒட்டுங்க. சின்னப் பள்ளங்களுக்குக் கறுப்பு உல்லன் நூலே போதும்.

ஷட்டர் இதழ்களுக்கு எண்ணெய் போடவே கூடாது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அன்னைக்கு வேலை செய்ற மாதிரி இருக்கும். அடுத்த வாரம் இதழ்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். அந்த இதழ்கள் காய்ஞ்சு இருந்தால்தான் ஓடும்.

பெருமுக்கலில் இருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளமும் கடலும். அந்தப் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை படர்வது சகஜம். மேல் கண்ணாடியில் இருந்தால் துடைச்சுடலாம். உள்கண்ணாடியில் இருந்தால்?

இங்கே நிறுத்துங்க!

கண்ணாடியை எடுக்க லென்ஸைத் திருகிக் கழற்றணும். அது மறுபடி எத்தனை சுற்றில் நிற்கணும்னு தொழிற்சாலையில் அளந்து வெச்சது. கால் சுற்று மாறினாலும் ஃபோகஸ் போயிடும். ஃபோகஸ் வளையமே இல்லாத கேமராக்களில் அப்புறம் சரிசெய்ய வழியே கிடையாது. லேசான பூஞ்சையோடு எடுக்கும் படம் கொஞ்சம் மங்கலா, கனவு மாதிரி வரும், அவ்ளோதான். ஃபோகஸ் போன கேமராவில் எதுவுமே தெரியாது.

உடைஞ்ச பல்சக்கரம், கிழிஞ்ச சர்க்யூட் பட்டை, ஷட்டர் ஸ்பிரிங், இந்த மூணில் ஒண்ணைக் கண்டாலும் கையை எடுத்துடுங்க. போட்டோ எடுத்துட்டு, பழையபடி மூடி, கேமரா மெக்கானிக்கிடம் காட்டுங்க. அதே மாடலில் ஓடாத இன்னொரு கேமரா மலிவாக் கிடைச்சால் அதுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. 'இதுக்கு மேல நான் போகலை' என்று சொல்லத் தெரிவதும் ரிப்பேர் வேலையில் ஒரு பகுதிதான்.

மூடின பிறகு

ரோல் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டரை அமுக்குங்க. ஒரு நொடி வட்டமா வெளிச்சம் மின்னினால் ஷட்டர் ஓகே. அடுத்து இருட்டு அறையில், பின்மூடி லேசாத் திறந்திருக்க, ஒரு குட்டி எல்.இ.டி லைட்டை உள்ளே போட்டு மூடிப் பாருங்க. எங்கேயாவது கோடு மாதிரி வெளிச்சம் கசிஞ்சால் அந்த இடத்தில் ஸ்பான்ஜ் பத்தலை.

ஒரு கலர் ரோல் இன்னைக்குப் பல நூறு ரூபாய். அதனால் டெஸ்ட் ரோலைத் திட்டம் போட்டு எடுங்க. பெருமுக்கல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயிலும், பாறைக் கீறல்கள் உள்ள குகையும் கொண்ட அந்த மலைதான் தூரத்து ஃபோகஸைச் சோதிக்க நல்ல குறி. காலை வெயிலில், சாலையில் நின்று மலையை ஒரு படம். ரெண்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஆளை ஒரு படம். வீட்டுக்குள் ஃபிளாஷோடு ஒரு படம். வெயிலில் பத்து நிமிஷம் கேமராவை வெச்சுட்டு ஒரு படம், ஏதாவது கசிவு இருந்தால் அதில் தெரிஞ்சுடும். எந்தப் படம் எப்படி எடுத்தீங்கன்னு போன் நோட்ஸில் குறிச்சுக்கோங்க. ரோல் கழுவி வந்ததும் கேமராவுக்கு என்ன குறைன்னு அந்தக் குறிப்பே சொல்லும்.

மறுபடி பீரோவில் வைக்கும்போது பேட்டரி இல்லாமல் வைங்க. ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை வளர்க்கிற ரெக்ஸின் உறையைத் தனியா எடுத்துடுங்க. இறுக்கமா மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வெச்சால் போதும்.

அந்தக் கேமராவை யார் வாங்கினாங்க, கடைசியா எந்த விசேஷத்துக்கு எடுத்தாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டுக்கோங்க. உள்ளே இருந்து ஒரு ரோல் கிடைச்சு, கழுவி வந்தால், அதில் நிற்கிற முகங்களுக்குப் பேர் சொல்ல அவங்களால்தான் முடியும்.